முதலில் அரசாணையைப் படியுங்கள், மென்பொருள் அப்புறம்

கேள்வி: தென் மாவட்டக் கல்லூரி ஒன்றில் பொருளியலில் பிஎச்.டி. செய்கிறேன். புதுமைப் பெண் திட்டத்தால் மாணவிகளின் உயர்கல்வி மேம்பட்டிருக்கிறதா என்பது என் தலைப்பு. ஐந்து கல்லூரிகளில் 400 மாணவிகளிடம் வினாப்பட்டியல் நிரப்பி வாங்கிவிட்டேன். எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளில் ரெக்ரெஷன் (சராசரிகளை ஒப்பிடும் கணக்கு) போட்டுப் பார்த்தால், உதவித்தொகை பெறுபவர்களின் மதிப்பெண் பெறாதவர்களைவிடக் குறைவு என்று மைனஸில் வருகிறது. பெற்றோர் படிப்பு, வருமானம், சாதி, விடுதி, வருகைப்பதிவு எல்லாவற்றையும் கன்ட்ரோல் செய்தும், அதாவது கணக்கில் சமப்படுத்தியும், மைனஸ் போகவில்லை. மேட்ச்சிங் (பின்னணி ஒத்தவர்களை ஜோடி சேர்த்து ஒப்பிடுவது) செய்தால் சரியாகிவிடும் என்கிறார் கைடு. ஒரு கருத்தரங்கில் பேசியபோது, இதை வைத்துக் காரண-விளைவு எதுவும் சொல்ல முடியாது என்று ஒரு பேராசிரியர் சொல்லிவிட்டார். யூடியூபில் தேடினால் ரூபின், பேர்ல், டிஃப்-இன்-டிஃப், கருவி மாறி என்று முடிவில்லாமல் போகிறது. எனக்குக் கணக்கு பிளஸ் டூ அளவுதான். ஒன்றரை வருடம் கையில் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? (பெயர் வேண்டாம்.)

பதில்: உங்கள் மைனஸ் தவறாக வந்த எண் இல்லை. நீங்கள் கேட்க நினைத்த கேள்வி ஒன்று, அந்த எண் பதில் சொல்லும் கேள்வி வேறு. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் இந்தத் துறையில் பாதி கற்றாகிவிட்டது. அதனால் யூடியூபை மூடிவிட்டு அந்த மைனஸிலிருந்தே தொடங்குவோம்.

உங்கள் இரண்டு குழுக்களிலும் யார் யார் இருக்கிறார்கள்? மாதம் 1,000 ரூபாய் பெறுபவர்கள் பெரும்பாலும் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள். திட்டம் தொடங்கியபோது விதியே அதுதான். பெறாதவர்கள் பெரும்பாலும் மெட்ரிக் பள்ளிகளிலிருந்தும் உதவி பெறும் பள்ளிகளிலிருந்தும் வந்தவர்கள். ஆக உங்கள் ரெக்ரெஷன் ஒப்பிடுவது பணம் கிடைத்தவளையும் கிடைக்காதவளையும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அது உண்மையில் அரசுப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிய வீட்டையும், கட்டணம் கட்டிப் படிக்க வைத்த வீட்டையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. பெற்றோர் படிப்பையும் வருமானத்தையும் சேர்த்தால் அந்த வேறுபாட்டில் கொஞ்சம் குறையும். டியூஷன், வீட்டில் படிக்க இடம், ஆங்கிலம், அண்ணன் கல்லூரிக்குப் போனானா என்பதெல்லாம் உங்கள் வினாப்பட்டியலில் இருக்காது.

இதைவிடப் பெரிய சிக்கல், தரவைக் கல்லூரிக்குள் திரட்டியிருப்பது. இந்தத் திட்டத்தின் முதல் நோக்கமே பிளஸ் டூவோடு நின்றுவிடக்கூடிய பெண்ணைக் கல்லூரி வாசலுக்குக் கொண்டுவருவது. நின்றுபோன பெண் உங்கள் 400 பேரில் இருக்கவே முடியாது. ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஒரு ஊரில் பிளஸ் டூ முடித்த 100 பெண்களில் 60 பேர் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், அவர்களின் சராசரி மதிப்பெண் 70. திட்டம் வந்தபின், மில் வேலைக்கோ கல்யாணத்துக்கோ போயிருக்க வேண்டிய 20 பேர் கூடுதலாகச் சேர்கிறார்கள். அவர்களின் சராசரி 55. இப்போது மொத்தம் 80 பேர், சராசரி சுமார் 66. யாருடைய மதிப்பெண்ணும் குறையவில்லை, திட்டம் 20 பெண்களைக் கல்லூரிக்கு அழைத்து வந்திருக்கிறது. ஆனால் கல்லூரிக்குள் உட்கார்ந்து அளந்தால் சராசரி ஏறக்குறைய நான்கு மதிப்பெண் இறங்கியிருக்கும். திட்டம் எவ்வளவு வெற்றியோ, உங்கள் மைனஸ் அவ்வளவு பெரிதாகும். இதை எந்தக் கன்ட்ரோலும் திருத்தாது, மேட்ச்சிங்கும் திருத்தாது. கருத்தரங்கில் பேராசிரியர் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். இரண்டு வரி சேர்த்து விளக்கியிருக்கலாம்.

சரி, காரண-விளைவு என்று எதைச் சொல்கிறோம்? ஒரே பெண்ணை இரண்டு நிலைகளில் பார்க்க வேண்டும், உதவித்தொகை கிடைத்தால் என்ன ஆவாள், கிடைக்காவிட்டால் என்ன ஆவாள் என்று. இரண்டில் ஒன்றுதான் நடக்கும், மற்றது எப்போதும் மறைந்தே இருக்கும். புள்ளியியலாளர் ஜெர்ஸி நெய்மன் 1923இல் வயல் சோதனைகளுக்காக இந்தப் பார்வையை எழுதிவைத்தார். டொனால்ட் ரூபின் 1974இல் அதைச் சோதனை அல்லாத ஆய்வுகளுக்கும் விரித்தார். பால் ஹாலண்ட் 1986இல் இதைக் காரண ஆய்வின் அடிப்படைச் சிக்கல் என்று அழைத்தார். நீங்கள் யூடியூபில் பார்த்து மலைத்துப்போன முறைகள் அனைத்தும் ஒரே கேள்விக்கான வெவ்வேறு பதில்கள்தான்: மறைந்திருக்கும் அந்தப் பாதியை யாரிடமிருந்து கடன் வாங்குவது? இந்தப் பெண்ணுக்குப் பணம் வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருப்பாள் என்பதை வேறு யாரைப் பார்த்துச் சொல்லலாம்?

அதற்குப் பதில் மென்பொருளில் கிடைக்காது. பணம் யாருக்கு, எந்த விதியால், எந்தத் தேதியிலிருந்து போனது என்பதில்தான் இருக்கிறது. அதனால் உங்களுக்கு என் முதல் பாடம், திட்டத்தின் அரசாணையைப் பேனாவோடு உட்கார்ந்து படிப்பது. அதன்பின் அதே மாணவிகளைத் தொட்ட மற்ற அரசாணைகளையும் படியுங்கள். பொருளியல் துறையில் இருந்துகொண்டு இதைச் செய்பவர்கள் குறைவு, செய்பவர்களின் ஆய்வுதான் நிற்கிறது.

படித்தால் என்ன கிடைக்கும் என்று உங்கள் திட்டத்தை வைத்தே காட்டுகிறேன். புதுமைப் பெண் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. ஆனால் அது வெற்றிடத்தில் வரவில்லை. 1989 முதல் இருந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தை மாற்றித்தான் இது கொண்டுவரப்பட்டது. பழைய திட்டத்தின் கடைசி வடிவத்தில் பத்தாம் வகுப்பு முடித்த ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு 25,000 ரூபாயும், பட்டமோ பட்டயமோ முடித்தவருக்கு 50,000 ரூபாயும், தாலிக்கு 8 கிராம் தங்கமும் உண்டு. அதாவது பட்டம் முடிப்பதற்கு ஒரு ஊக்கத்தொகை ஏற்கெனவே இருந்தது, திருமணத்தின்போது மொத்தமாக வந்தது. 2022இல் அது போய், படிக்கும்போதே மாதாமாதம் வரும் தொகை வந்தது. அப்படியானால் 2022க்கு முன்னும் பின்னும் ஒப்பிடும்போது நீங்கள் அளப்பது புதுமைப் பெண்ணின் விளைவை மட்டுமா, பழையது நின்றதையும் புதியது வந்ததையும் சேர்த்தா? இரண்டாவதுதான். இதை ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிட வேண்டும். இது குறை ஆகாது. கொள்கை வகுப்பவர் எடுத்த முடிவே அந்த மாற்றம்தானே, அதன் விளைவை அளக்கிறேன் என்று தைரியமாக எழுதலாம்.

இன்னும் இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு மருத்துவப் படிப்பில் 2020இலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளில் 2021இலும் வந்தது. அதற்கும் ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்ற அதே விதி. 2022க்குப் பின் அரசுப் பள்ளிப் பெண்கள் கல்லூரியில் கூடினார்கள் என்றால், அது 1,000 ரூபாயாலா, உள்ஒதுக்கீட்டாலா? 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதனாலும் கூடியிருக்கலாம். நடுவில் கொரோனா. 2021இல் பிளஸ் டூ பொதுத்தேர்வே ரத்தாகி எல்லோரும் தேர்ச்சி.

இவ்வளவு குழப்பமா என்று சோர்ந்துவிடாதீர்கள். எந்தக் குழப்பம் யாரைத் தொட்டது என்று கவனித்தால் வழி தெரியும். 7.5 சதவீதம் அரசுப் பள்ளிப் பையன்களையும் தொட்டது. புதுமைப் பெண் அவர்களைத் தொடவில்லை. ஆகவே அரசுப் பள்ளிக்குள் பெண்களில் வந்த மாற்றத்திலிருந்து பையன்களில் வந்த மாற்றத்தைக் கழித்தால், இருபாலருக்கும் பொதுவாக வந்தது கழிந்துவிடும். பேருந்துச் சலுகை எல்லாப் பெண்களையும் தொட்டது. திட்டத்துக்கு வெளியே இருந்த பள்ளிகளில் இதே பெண்-பையன் கழித்தலைச் செய்து, முதல் விடையிலிருந்து கழித்தால், பெண்களுக்கு மட்டும் பொதுவாக வந்ததும் போய்விடும். மிஞ்சுவது, 2022க்குப் பின், அரசுப் பள்ளியில் படித்த, பெண்களுக்கு மட்டும் வந்த மாற்றம். இதைத்தான் மூன்று நிலை டிஃப்-இன்-டிஃப் (வித்தியாசங்களின் வித்தியாசம்) என்கிறார்கள். அரசாணைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் அந்த முறை உங்கள் கையில் தானாகவே உருவாகிவிடும். சூத்திரத்தை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை.

ஒப்பீட்டுக்கு எந்தப் பள்ளிகள் என்பதில் ஒரு எச்சரிக்கை. மெட்ரிக் பள்ளிப் பெண்களை எடுத்தால், அவர்களில் பெரும்பாலோர் முன்பே கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்திருப்பார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து போகும் இடத்தில் மேலே ஏற இடம் கிடையாது. அறுபதிலிருந்து ஏறும் குழுவோடு அதை ஒப்பிட்டால், திட்டமே இல்லாவிட்டாலும் வித்தியாசம் தெரியும். உங்கள் பக்கத்தில் அரசு உதவி பெறும் பள்ளிகள் நிறைய. அவற்றின் பெண்கள் வசதியிலும் ஊரிலும் அரசுப் பள்ளிப் பெண்களுக்கு அருகில் இருப்பார்கள், தொடக்கத்தில் திட்டத்துக்கு வெளியேயும் இருந்தார்கள். 2024-25 முதல்தான் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் திட்டம் விரிந்தது. 2024 ஆகஸ்டில் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்துவிட்டது. ஆகவே உங்கள் சுத்தமான ‘பின்’ ஆண்டுகள், பிளஸ் டூவை 2022, 2023இல் முடித்த இரண்டு அணிகள்தான். 2024 அணியைச் சேர்த்தால் ஒப்பீட்டுக் குழுவுக்கே மருந்து கொடுத்த மாதிரி. இன்னொன்று, திட்டம் செப்டம்பரில் தொடங்கினாலும் அறிவிப்பு 2022 மார்ச் பட்ஜெட்டிலேயே வந்துவிட்டது. கல்லூரியில் சேரும் முடிவை எடுத்தபோது குடும்பங்களுக்கு விஷயம் தெரியும். முன், பின் என்ற கோட்டை எங்கே போடுகிறீர்கள் என்று தேர்வாளர் கேட்பார், அறிவிப்புத் தேதியைச் சொல்லத் தயாராக இருங்கள்.

கொரோனா காலத்தில் தனியார் பள்ளிகளிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாறிய பிள்ளைகள் பலர். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ எழுதியவர்களை எல்லாம் ஒரே குழுவாக்கினால், முன் அணியும் பின் அணியும் வேறு வேறு ஆட்களாக இருக்கும். இங்கே விதியே கைகொடுக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை தொடர்ந்து அரசுப் பள்ளி என்ற அதே வரையறையை 2022க்கு முந்திய அணிகளுக்கும் போடுங்கள். நடுவில் மாறி வந்தவர் இரு பக்கமும் விலகிவிடுவார்.

இந்த வடிவத்தை முன்பே இருவர் நம் நாட்டில் செய்து காட்டியிருக்கிறார்கள். கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் 2017இல் வெளியிட்ட பீகார் சைக்கிள் ஆய்வு. பீகார் அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் கொடுத்ததால் குலுக்கல் இல்லை, திட்டம் எட்டாத மாவட்டமும் இல்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? 14, 15 வயதுப் பெண்களை, திட்டத்தைத் தவறவிட்ட 16, 17 வயதுப் பெண்களோடு ஒப்பிட்டார்கள். அந்த வித்தியாசத்திலிருந்து பையன்களில் உள்ள அதே வித்தியாசத்தைக் கழித்தார்கள். கடைசியாக, 2000 வரை பீகாரோடு ஒன்றாக இருந்த ஜார்க்கண்டில் இதே கணக்கைப் போட்டு அதையும் கழித்தார்கள். பெண்களின் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கை 32 சதவீதம் கூடியது, ஆண்-பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்று வந்தது. எனக்கு அந்த எண்களைவிடப் பிடித்தது அடுத்து அவர்கள் செய்தது. சைக்கிள்தான் காரணம் என்றால், பள்ளி தூரமாக இருக்கும் ஊர்களில் விளைவு பெரிதாக இருக்க வேண்டுமல்லவா? பார்த்தார்கள். பள்ளி மூன்று கிலோமீட்டரோ அதற்கு மேலோ இருந்த கிராமங்களில்தான் கூடியிருந்தது, பக்கத்தில் பள்ளி இருந்த இடங்களில் பெரிதாக மாறவில்லை. வேறு எந்தக் காரணமும் அந்தத் தூர வடிவத்தை எளிதில் உண்டாக்காது.

இந்த ஒரு கட்டுரையை அடுத்த மூன்று மாதத்துக்கு உங்கள் பாடநூலாக வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணை அட்டவணையாக, இந்த எண் ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டுப் படியுங்கள். அப்புறம் உங்கள் திட்டத்துக்குத் தூரத்தின் இடத்தில் என்ன வைப்பது என்று யோசியுங்கள். மாதம் 1,000 ரூபாய்தான் வேலை செய்கிறது என்றால், எந்தப் பெண்களிடம் விளைவு பெரிதாக இருக்க வேண்டும்? அப்பா இல்லாத வீடா, மில்லில் உடனே சம்பளம் கிடைக்கும் ஊரா, தனியார் கல்லூரி மட்டுமே பக்கத்தில் இருக்கும் ஊரா? இதைத் தரவைப் பார்க்கும் முன்பே எழுதித் தேதி போட்டு வையுங்கள். பார்த்த பின் எழுதினால் எந்த வடிவத்துக்கும் ஒரு கதை கிடைத்துவிடும்.

அரசாணையிலிருந்து முறை பிறப்பது இந்த ஒரு ஆய்வில் மட்டும் நடந்ததில்லை. ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, எந்த ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்படும் என்பது தேர்வாக இல்லாமல் சுழற்சியில் அமைந்ததைப் பயன்படுத்திக்கொண்டது. மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் பெண் தலைவர்கள் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிட்டார்கள் என்று அதிலிருந்து சொல்ல முடிந்தது. சாம் ஆஷரும் பால் நோவோசாடும் 2020இல், பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் 500, 1,000 என்ற மக்கள்தொகை எல்லைகளை எடுத்துக்கொண்டார்கள். 490 பேர் உள்ள ஊரும் 510 பேர் உள்ள ஊரும் மற்றபடி ஒன்றுதான், சாலை வரும் வாய்ப்பு மட்டும் அந்தக் கோட்டில் மாறுகிறது. சாலை வந்ததால் ஆட்கள் விவசாயத்தை விட்டு வேறு வேலைக்குப் போனார்கள், வருமானமும் சொத்தும் பெரிதாக உயரவில்லை என்பது அவர்கள் கண்டது. சாலை போட்டால் ஊர் செழிக்கும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நாட்டில் அது கொஞ்சம் சங்கடமான விடைதான். நம் ஊர் மகளிர் உரிமைத் தொகையில்கூட ஆண்டுக்கு 3,600 யூனிட் மின்சாரம் என்று ஒரு கோடு இருக்கிறது. வருமானத்தை விண்ணப்பத்தில் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம், மீட்டர் ஏற்கெனவே ஓடிவிட்டது. அதை யாராவது எடுத்துக்கொண்டு ஒழுங்காகச் செய்தால் நன்றாக இருக்கும்.

இப்போது உங்கள் கைடு சொன்ன மேட்ச்சிங். ராபர்ட் லலோண்ட் 1986இல் ஒரு நல்ல சோதனை செய்தார். 1970களில் அமெரிக்காவில் வேலைப் பயிற்சித் திட்டம் ஒன்றில் குலுக்கல் முறையில் ஆட்களைச் சேர்த்திருந்தார்கள், அதனால் சரியான விடை தெரியும். அவர் குலுக்கலில் வந்த ஒப்பீட்டுக் குழுவை எடுத்துவிட்டு, பொதுக் கணக்கெடுப்புகளிலிருந்து ஆட்களை ஒப்பீட்டுக்கு வைத்து, அன்று வழக்கத்தில் இருந்த முறைகளால் அதே விடை வருகிறதா என்று பார்த்தார். விடைகள் எங்கெங்கோ சிதறின. 1999இல் டெஹெஜியாவும் வாபாவும் மேட்ச்சிங் போட்டால் நெருங்கி வருகிறது என்றார்கள். 2005இல் ஸ்மித்தும் டாடும் அது எந்த ஆட்களைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து மாறிவிடுகிறது என்று காட்டினார்கள். மேட்ச்சிங் நீங்கள் அளந்தவற்றில் மட்டும் சமப்படுத்தும், அளக்காததைத் தொடாது. உங்கள் விஷயத்தில் இன்னும் மோசம். பணம் பெறுவதை முடிவு செய்வது பள்ளி வகை, அதில் இரு குழுவுக்கும் பொதுவான ஆள் ஒருவர்கூடக் கிடையாது.

இதைக் கைடிடம் எப்படிச் சொல்வது? மேட்ச்சிங் தவறு சார் என்று போய் நிற்காதீர்கள். அவர் சொன்னபடி செய்து ஒரு அட்டவணை போடுங்கள். பக்கத்தில் கல்லூரிக்கு வராதவர்களையும் சேர்த்த தரவில் வந்த விடையை வையுங்கள். மேலே நான் போட்ட 60, 80 கணக்கை ஒரு தாளில் காட்டி, நம் மைனஸ் ஏன் வந்தது என்று இதில் தெரிகிறது சார் என்று சொல்லுங்கள். நல்ல கைடு அதைப் பார்த்ததும் உங்கள் பக்கம் வந்துவிடுவார். மேட்ச்சிங் அட்டவணை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இருந்துவிட்டுப் போகட்டும்.

கன்ட்ரோல் பட்டியலிலிருந்து வருகைப்பதிவையும் விடுதியையும் எடுத்துவிடுங்கள். இரண்டும் பணம் வந்தபின் நடப்பவை. 1,000 ரூபாய் வந்ததால் ஒரு பெண் பகுதிநேர வேலையை விட்டு வகுப்புக்கு ஒழுங்காக வந்தாள் என்றால், அது திட்டத்தின் விளைவு. வருகைப்பதிவைச் சமப்படுத்திவிட்டு விளைவைத் தேடினால், விளைவையே கழித்துவிட்டுத் தேடுகிறீர்கள். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யத்தான் கணினி அறிஞர் ஜூடியா பேர்ல் வழியில் வந்த அம்புக்குறிப் படங்கள் உதவும். ஒரு தாளில் பென்சிலால் எது எதைத் தூண்டுகிறது என்று அம்பு போடுங்கள், அது போதும். ரூபின் தரப்பும் பேர்ல் தரப்பும் பல ஆண்டுகளாகச் சண்டை போடுகிறார்கள். அதில் கட்சி சேர்வது உங்களுக்கு இப்போது வேண்டாத வேலை. கருவி மாறியும் வேண்டாம். பணம் கிடைப்பதை மட்டும் மாற்றி, விளைவை நேரடியாகத் தொடாத ஒரு காரணியைத் தேடும் முறை அது. நல்ல கருவி மாறி அரிது, ஆய்வேடுகளில் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை வலிந்து ஒட்டவைத்தவை.

அதே அட்டவணையில் சாதி மாறிக்கு ஒரு எண் வந்திருக்குமே, அதையும் சாதியின் விளைவு என்று ஒரு பத்தி எழுதிவிடாதீர்கள். வருமானத்தையும் பெற்றோர் படிப்பையும் பக்கத்தில் வைத்துவிட்டால், சாதி அந்த வழிகளில் செய்த வேலை எல்லாம் அந்த எண்ணிலிருந்து போய்விடும். மிஞ்சுவதற்கு எளிய பொருள் கிடையாது. சாதிப் பாகுபாட்டை அளக்க வேண்டும் என்றால் அதற்கென்றே வடிவமைக்க வேண்டும். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் நாளிதழ் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பி, 2007இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். யாருக்கு அழைப்பு வருகிறது என்பதுதான் அங்கே அளவு.

தரவு எங்கிருந்து? ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21உடன் முடிந்துவிட்டது, திட்டம் வந்தது அதற்குப் பின். மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின் தரவு 2017-18 முதல் ஆண்டுதோறும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் எந்தக் கணக்கெடுப்பை எடுத்தாலும், பிளஸ் டூவை எந்த வகைப் பள்ளியில் முடித்தார் என்ற கேள்வி அதில் இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் உங்கள் வடிவத்துக்கு உதவாது. என் யோசனை, பள்ளிகளுக்கே போவது. மேல்நிலைப் பள்ளிகளில் 2018 முதல் 2023 வரை பிளஸ் டூ முடித்தவர்களின் பெயர்ப் பட்டியலைப் பெற்று, ஒவ்வொரு அணியிலும் குலுக்கலாகச் சிலரை எடுத்து, முடித்த அடுத்த வருடம் என்ன செய்தார்கள் என்று தொலைபேசியில் கேளுங்கள். 2020, 2021 அணிகள் கொரோனாவில் சிக்கியவை. அவற்றைச் சேர்த்தும் விட்டும் இரண்டு விதமாகக் கணக்கிடுங்கள். கல்யாணமாகிப் போன பெண்களின் எண் மாறியிருக்கும். அவர்களை விட்டுவிட்டால் பழைய சிக்கல் வேறு வாசலில் திரும்ப வரும், ஏனென்றால் கல்லூரிக்குப் போகாதவர்கள்தான் அதிகம் விடுபடுவார்கள். கூடப் படித்தவர்களிடமோ தாய்வீட்டிலோ கேட்டாவது பதில் வாங்குங்கள். யார் கிடைக்கவில்லை என்பதற்கும் ஒரு அட்டவணை போடுங்கள்.

பத்துப் பள்ளியில் தலா நூறு பேர் என்பதைவிட, ஐம்பது பள்ளியில் தலா இருபது பேர் என்பது மேல். ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒன்றுபோலவே நடப்பார்கள், அவர்களைத் தனித்தனி ஆட்களாக எண்ணினால் உங்கள் பி மதிப்பு (விடை தற்செயலாக வந்திருக்கலாமா என்று பார்க்கும் எண்) உங்களை ஏமாற்றும். பெர்ட்ராண்ட், டுஃப்லோ, முல்லைநாதன் மூவரும் 2004இல் அமெரிக்கத் தரவில் இல்லாத சட்டங்களைக் கற்பனையாக நுழைத்து டிஃப்-இன்-டிஃப் போட்டுப் பார்த்தார்கள். ஐந்து சதவீதம்தான் தவறாக வர வேண்டிய இடத்தில், இந்த ஒட்டுறவைக் கவனிக்காமல் விட்டபோது 45 சதவீதம் வரை ‘விளைவு உண்டு’ என்று வந்தது. உங்கள் தரவிலும் இதே விளையாட்டை விளையாடுங்கள். திட்டம் 2019இல் வந்தது என்று பொய்யாக வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். ஏதாவது வந்தால் இரண்டு குழுக்களும் முன்பிருந்தே வேறு வேறு பாதையில் போயிருக்கின்றன.

உங்கள் 400 வினாப்பட்டியல்களைத் தூக்கிப் போட வேண்டாம். 1,000 ரூபாய் எதற்குச் செலவாகிறது, யார் கையில் போகிறது, வருவதற்குத் தாமதமாகிறதா என்பதெல்லாம் அதில் இருந்தால், பணம் எப்படி வேலை செய்கிறது என்ற அத்தியாயம் அதிலிருந்து வரும். விளைவு எவ்வளவு என்ற கேள்விக்கு மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

கணக்கைப் பற்றி: சராசரி, நிபந்தனைச் சராசரி (ஒரு குழுவுக்குள் மட்டும் எடுத்த சராசரி), மாறுபாடு, ரெக்ரெஷன் என்பது சராசரிகளை ஒப்பிடும் ஒரு வழி என்பது. இவ்வளவு உறுதியாக இருந்தால் தொடங்கலாம், பிளஸ் டூ அடித்தளம் போதும். எஸ்பிஎஸ்எஸ்ஸை விட்டு ஆர் மொழிக்கு வாருங்கள். அது இலவசம், ஸ்டேட்டா என்ற இன்னொரு மென்பொருளுக்குக் காசு வேண்டும். முதல் மாதம் அதில் ஒரே ஒரு பயிற்சி. பத்தாயிரம் பொய்ப் பெண்களை உண்டாக்குங்கள். குடும்ப வசதி என்று ஒரு எண், அதைப் பொறுத்துப் பள்ளி வகை, இரண்டையும் பொறுத்துக் கல்லூரியில் சேரும் வாய்ப்பு. திட்டம் அந்த வாய்ப்பை எட்டு சதவீதப் புள்ளி கூட்டுகிறது என்று நீங்களே வைத்துவிடுங்கள். இப்போது உண்மை உங்களுக்குத் தெரியும். கல்லூரிக்குள் இருப்பவர்களை மட்டும் எடுத்து மதிப்பெண் மேல் ரெக்ரெஷன் ஓட்டினால் உங்கள் மைனஸ் திரையில் வரும். முழுத் தரவில் மூன்று நிலைக் கழித்தலைப் போட்டால் எட்டுக்குப் பக்கத்தில் வரும். இதைச் செய்து பார்த்தவருக்குப் புத்தகத்தின் பாதிப் பக்கங்கள் தெரிந்தவையாகவே இருக்கும்.

புத்தகம் ஒன்று போதும். நிக் ஹண்டிங்டன்-க்ளைனின் ‘தி எஃபெக்ட்’ இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம், ஆங்கிலம் எளிது, முதல் பாதியில் சூத்திரங்கள் மிகக் குறைவு. அதில் டிஃப்-இன்-டிஃப் அத்தியாயம் வரை வந்துவிட்டு நிறுத்துங்கள். வெவ்வேறு ஆண்டில் வெவ்வேறு இடத்தில் தொடங்கும் திட்டங்களுக்கென்று 2021இல் வந்த புதிய முறைகளைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். காலை உணவுத் திட்டம் போல 2022, 2023 என்று கட்டம் கட்டமாக விரிந்ததற்கு அவை தேவை. உங்கள் திட்டம் ஒரே நாளில் மாநிலம் முழுக்க வந்தது. வைவாவில் கேட்டால் இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும்.

இதற்கெல்லாம் முன்னால், இந்த வாரமே இரண்டு கடிதம் எழுதுங்கள். ஒன்று உங்கள் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவுக்கு, மாணவிகளின் தொலைபேசி எண்களை எப்படிப் பாதுகாப்பீர்கள் என்ற விளக்கத்தோடு. இன்னொன்று முதன்மைக் கல்வி அலுவலருக்கு, பள்ளிகளின் பெயர்ப் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்டு. மார்ச்சில் பொதுத்தேர்வு தொடங்கிவிட்டால் எந்தத் தலைமையாசிரியரும் உங்களுக்காகப் பழைய ஏட்டைத் தேடி எடுக்க மாட்டார்.